அடைப்புக்குறிக்குள் ஒரு குடும்பம்

"சார்... நான் பேசறது கேக்குதா சார்?"

திரையில் இருந்த பெரியவர் பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஒரு புருவத்தை உயர்த்தி, வாயைப் பாதி திறந்து, அப்படியே இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. அதுவும் அசையவில்லை.

அவள் இன்னொரு முறை "சார்" என்றாள். பிறகு கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி அறை வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான். இன்டர்வியூ முடிகிறவரை இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அதை அவன் 'வாசலோடு நின்றுகொள்ளலாம்' என்று எடுத்துக்கொண்டிருந்தான். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது அவன் வழக்கமில்லை.

கேமராவில் விழாமலிருக்க முழங்காலை மடித்து வாத்து நடை நடந்து உள்ளே வந்தான். மேஜை ஓரத்தில் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். ஒரே பார்வைதான். நிபுணர்களுக்கு அது போதும்.

"ஃப்ரீஸ் ஆயிடுச்சு," என்று கிசுகிசுத்தான்.

"இப்பதானே பேசிட்டிருந்தாரு? அந்த நூலகப் படத்தப் பத்திக் கேட்டாரு, நானும் சொல்லி முடிச்சேன்..."

"பாக்கெட் வரல. கட் பண்ணிடு."

"கொஞ்சம் பாக்கலாமேங்க."

"வராத பாக்கெட் எவ்வளவு நேரம் பாத்தாலும் வராது. அங்க உன் மூஞ்சியும் இதே மாதிரி வாயத் தொறந்துட்டு நிக்கும், ஞாபகம் வெச்சுக்கோ."

அந்த வாக்கியம் வேலை செய்தது. விடிந்ததிலிருந்து அந்த முகத்துக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சட்டென்று கட் செய்தாள்.

உடனே பெரியவரின் உதவியாளருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். உதவியாளர் நல்ல பெண். "அப்படியா மேடம்? நான் வெளி ரூம்ல இருந்தேன், கவனிக்கல. பரவால்ல. மூணு மணிக்குத் திரும்ப வெச்சுக்கலாமா? சாயங்காலம் சார் வெளியூர் கிளம்பறாரு, அப்புறம் எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது," என்றாள்.

போனை வைத்துவிட்டு, மேஜைமேல் விரித்திருந்த வரைபடங்களை மனைவி ஒவ்வொன்றாக அடுக்கினாள். அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அவள் வீட்டில் இருந்தாள். அப்படி இருந்த காலத்தில் உறவுக்காரர்கள் எல்லாரும் அவளை மறக்காமல் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அடுப்படியை நகர்த்த வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு மாடிப்படியைத் திருப்ப வேண்டியிருந்தது. "நீ சும்மாத்தானே இருக்க?" என்று அன்போடு கேட்டார்கள். இந்தப் பெரியவரோ பேர்பெற்ற கட்டட நிபுணர்; யாராவது பத்துப் படம் போட்டு அனுப்பினால் ஒன்பதைத் திறந்தே பார்க்காதவர். அளந்து பேசுகிறவர். அவரே கூப்பிட்டுப் பேசியது பெரிய விஷயம்.

"மூணு மணிக்குள்ள நெட் சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"சரியாயிடுமாவா?" கணவன் நிமிர்ந்து நின்றான். "யாரப் பாத்துக் கேக்கற?"

அவளுக்கும் அந்தப் பயம்தான்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் விற்கிறது. நெட்டில் போகிறதும் வருகிறதும் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்கள்தான்; அவைதான் பாக்கெட். அந்தப் பொட்டலங்களைப் பிரிக்க ஒரு துண்டு, வரிசையில் நிற்கவைக்க ஒரு துண்டு, வேகத்தைப் பிடித்து நிறுத்த ஒரு துண்டு என்று அந்தச் சாஃப்ட்வேரில் எக்கச்சக்கமான துண்டுகள் உண்டு. வேண்டியதை எடுத்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் அடைப்புக்குறி போட்டு, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கமா போட்டுக் கமா போட்டு எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொண்டு அந்தந்தத் துண்டுக்கு எடுத்துச் சொல்லும் பகுதியை எழுதியவன் இவன்தான். அதனால் ஆபீசில் இவனைக் 'கமா' என்றே கூப்பிட்டார்கள்.

முன்பு அந்தப் பகுதி கறாராகத்தான் இருந்தது. ஒரு கமா குறைந்தாலும் 'தப்பு' என்று சொல்லி நின்றுவிடும். வாடிக்கையாளர்கள் மனம் நொந்துபோனார்கள். தப்பு செய்தவரிடம் தப்பு என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்று மேனேஜருக்குப் புரிந்தது. கமாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கனிவா நடந்துக்கச் சொல்லுப்பா அத," என்றார். கமா மாற்றி எழுதினான். அதன் பிறகு அது யார் எதை எழுதினாலும் முகம் சுளிக்கவில்லை. எழுத்துப்பிழையா, பக்கத்தில் இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளும். காலி இடமா, தாண்டிப் போகும். புரியவில்லையா, புரிந்த மாதிரி நடந்துகொள்ளும். மொத்தத்தில் மேனேஜரைப் போலவே ஆகிவிட்டது. அந்த வருடம் கமாவுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள்.

எதிர்த்தவன் ஒரே ஒருவன். பக்கத்து மேஜைக்காரன். எதற்கெடுத்தாலும் 'உள்ளே விடாதே' என்பதால் அவனுக்கு 'வேலி' என்று பெயர். "எல்லாத்துக்கும் தலையாட்டற பொருள நம்பி எவன்டா பக்கத்துல நிப்பான்?" என்று அவன் கேட்டான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்குக் கோப்பையும் கிடைக்கவில்லை.

கமா பரணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இறக்கினான். தூசியைத் தட்டினான். ஹாலில் சுவரிலிருந்து வரும் நெட் வயரை உருவி அதில் சொருகினான். அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு வயரை வீட்டுக்குள் விட்டான்.

ஹால் சோபாவில் மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் மல்யுத்தம் தவிர வேறு எதையும் அவர் பார்ப்பதில்லை. எதற்காகவும் குரலைத் தாழ்த்துவதுமில்லை.

"என்ன மாப்பிள்ள, வீட்டுக்குள்ள என்ன கட்டற?"

"நெட்டுக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவரேன் மாமா. இந்தப் பெட்டி வழியாத்தான் எல்லாம் போகும். அவளோட இன்டர்வியூ முன்னால போகும். மத்ததெல்லாம் பின்னால போகும்."

"லைன்ல நிக்க வைக்கற."

"அதேதான். ஆனா யாரு எங்க நிக்கணும்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதணும், அதுக்குப் பேரு ஆர்க்யுமென்ட்."

"ஆர்க்யுமென்ட் இந்த வீட்டுல தினமும் நடக்குதே, தனியா வேற எழுதணுமா?"

கமா எழுத உட்கார்ந்தான். அந்த நெட் அவர்களுக்கு மட்டும் சொந்தமானதில்லை. கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. கீழே ஒரு பாட்டு டீச்சர், ஆன்லைனில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். ஆக மூன்று பேர்: டீச்சர், மனைவி, மாமனாரின் டிவி. பெயர்களை ஓர் அடைப்புக்குறியில் எழுதினான். அதே வரிசையில் வேகங்களை இன்னோர் அடைப்புக்குறியில் எழுதினான். டீச்சருக்குக் கொஞ்சம் போதும். மனைவிக்கு முழு வேகம். டிவிக்கு ஐந்து. முடிந்தது. விரல்களைச் சொடக்கெடுத்துக்கொண்டு ஓடவிட்டான்.

"மாப்பிள்ள! மல்லன் அந்தரத்துல நிக்கறான்!"

திரும்பிப் பார்த்தான். சிவப்புச் சட்டி போட்ட ஒரு மல்லன் கயிற்றின் மேலிருந்து பாய்ந்து, கையையும் காலையும் விரித்தபடி, காற்றில் படுத்திருந்தான். பாய்ந்தவன் விழ வழியில்லாமல், கீழே கிடந்தவன் அடி வாங்க வழியில்லாமல், இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"இறக்கி விடு அவன. பாவமா இருக்கு."

கமா தன் வரிகளைப் பார்த்தான். 'ஐந்து' என்று எழுதியிருந்தான். ஐந்து என்ன? அதை எழுதவில்லை. பழைய கறார்ப் பகுதியாக இருந்தால் "ஐந்து என்ன?" என்று கேட்டு நின்றிருக்கும். கனிவானது கேட்கவில்லை. இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்துக்கொண்டு, நொடிக்கு ஐந்தெழுத்து என்ற கணக்கில் மல்யுத்தத்தை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் மல்லன் தரையைத் தொடுவதற்குள் மாமனாருக்கு இன்னொரு முறை வேலைக்குச் சேர்ந்து இன்னொரு முறை ஓய்வு பெற்றுவிடலாம்.

அளவைச் சேர்த்தான். மல்லன் தொப்பென்று விழுந்தான். மாமனார் கைதட்டினார்.

இத்தோடு கமா எழுந்திருக்கலாம். ஆனால் ஒரு வேலையைச் சரியாகச் செய்த பிறகு அதை இன்னும் சரியாகச் செய்யாமல் அவனால் இருக்க முடியாது. டீச்சரின் பொட்டலங்கள் இதில் வந்து முட்டாமல் தனியாகக் கைமாறிப் போகட்டும் என்று, அவருக்குரிய இடத்தில் 'ரிலே' என்று ஒரு சொல்லும் பக்கத்தில் மூன்று என்று ஓர் எண்ணும் சேர்த்தான். மூன்றாவது வழியில் அனுப்பு என்று அர்த்தம்.

அந்தக் கனிவான பகுதிக்கு 'ரிலே' என்ற சொல் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கத்தையும் அதற்குக் கமா விட்டுவைக்கவில்லை. தேடிப் பார்த்தது. பக்கத்தில் 'டிலே', அதாவது தாமதம், இருந்தது. இதைத்தான் சொல்லவந்திருப்பார் என்று அன்போடு எடுத்துக்கொண்டு, டீச்சரின் பொட்டலம் ஒவ்வொன்றையும் மூன்று விநாடி உட்காரவைத்து அனுப்பத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"தம்பி, மேல என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லையே டீச்சர்."

"நான் நிறுத்துன்னு சொன்னா பிள்ளைங்க பாடிக்கிட்டே இருக்கு. நான் அடுத்த வரிக்குப் போனா அதுங்க நிறுத்துது. ஒரு பொண்ணு அழுவுது தம்பி. அவங்க அம்மா நடுவுல வந்து, 'டீச்சர், உங்களுக்குத் தாளமே நிக்கலயே'ங்கறாங்க. எனக்கு! இத்தன வருஷத்துல என்னப் பாத்து ஒருத்தர் சொன்னதில்ல."

"ஒரே நிமிஷம் டீச்சர்."

"அந்த அம்மா வேற இடம் பாத்துட்டிருக்காங்க. நீங்க நிமிஷக் கணக்குச் சொல்றீங்க."

அவர் பக்கத்திலேயே இடுப்பில் கையை வைத்து நின்றார். டீச்சர்கள் பக்கத்தில் நிற்கும்போது கமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எழுதியதை அழிக்கத்தான் தோன்றும். என்ன தப்பு என்று தேட நேரமில்லை. இவரை இந்த ஒழுங்கிலிருந்தே விடுவித்துவிட்டால் தொல்லை விட்டது என்று, முதல் இடத்திலிருந்த அவர் பெயரை, 'ரிலே'யோடு சேர்த்து அழித்தான். அழித்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கமா அப்படியே இருந்தது. கமாவை அழிக்கக் கமாவுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

முதல் இடம் காலி. கனிவானது காலி இடங்களைப் பொறுத்துக்கொள்ளாது. இரண்டாவதாக நின்ற மனைவியை முதலிடத்துக்கும் மூன்றாவதாக நின்ற டிவியை இரண்டாவது இடத்துக்கும் நகர்த்தியது. வேகங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஆக, டீச்சருக்கென்று வைத்த கொஞ்சூண்டு வேகம் மனைவிக்குப் போனது. மனைவிக்கென்று வைத்த முழு வேகம் மல்யுத்தத்துக்குப் போனது.

"மாப்பிள்ள!" மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம்! வேர்வ சொட்டறது கூடத் தெரியுது. அங்க பாரு, நடுவர் தாடையில ஒரு மச்சம்! இத்தன நாளா பாக்கறேன், அந்த ஆளுக்கு மச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அப்பா," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் ஒத்திகைக்காகத் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தாள். "என்னங்க, கொஞ்சம் வாங்க."

போய்ப் பார்த்தான். திரையில் தோழி இல்லை. தோழியின் நிறத்தில் சில கட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒரு கட்டம் பேசியது.

"நீ தெரியலடி. தரையில டைல்ஸ் ஒட்டின மாதிரி தெரியுது."

மனைவி கணவனைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"காலையில நெட் ஒரு தடவ நின்னுச்சு. அவ்வளவுதான். இப்ப அப்பாவுக்கு நடுவரோட மச்சம் தெரியுது, எனக்கு இவ மூக்கே தெரியல. இது என்னங்க கணக்கு?"

"ஒரு கமா பிரச்சினை."

"அது எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதுலேருந்தே தெரியும்."

அவன் ஹாலுக்குத் திரும்பினான். டிவிக்குக் கொடுத்த வேகத்தைப் பிடுங்கப் போனான். மாமனார் பெட்டிக்கு முன்னால் வந்து, கையைக் கட்டி, காலை அகட்டி நின்றார்.

"இத மட்டும் தொடாத."

"மாமா, உங்க பொண்ணோட இன்டர்வியூ."

"மூணு மணிக்குத்தானே? இங்க ஃபைனல் ரெண்டே முக்காலுக்கு முடிஞ்சிடும்."

டீச்சர் குறுக்கிட்டார். "அப்ப என் கிளாஸ்? இப்ப கீழ சுத்தமா ஒண்ணுமே வரல தம்பி. அழுத பொண்ணு கூட வரல."

பெயரில்லாதவர்களுக்கு அந்தச் சாஃப்ட்வேரில் வேகமும் இல்லை. அதையும் எழுதியவன் அவன்தான். மானம் போனாலும் பரவாயில்லை என்று கமா வேலிக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான். மறுபக்கம் கொஞ்ச நேரம் ஒரு மாதிரியான சத்தம் வந்தது. வேலி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, உன் பொருளு உனக்கே தலையாட்டிடுச்சா?"

"சிரிச்சது போதும். அந்தப் பழைய கறார்ப் பகுதி உன்கிட்ட இருக்கா?"

"பழசு எதுக்கு? நான் வீட்டுல புதுசா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். ஒரு தப்பு உள்ள போகாது. அனுப்பறேன், போட்டுப் பாரு."

அனுப்பினான். கமா போட்டுப் பார்த்தான். வேலி சொன்னது உண்மைதான். ஒரு தப்பும் உள்ளே போகவில்லை. சரியானதும் போகவில்லை. திரையில் வரிசையாக வாசகங்கள் வந்தன.

'முதல் வரி: இங்கே ஒரு பெயர் இருந்ததற்கான தடயம் தெரிகிறது. அழித்தவர் முழுதாக அழிக்கவும்.'

அழித்தான்.

'இரண்டாம் வரி: இரண்டு பெயர், மூன்று வேகம். எண்ணத் தெரிந்தவர் யாராவது அருகில் இருந்தால் கூப்பிடவும்.'

சரி செய்தான்.

'மூன்றாம் வரி: எழுதியது என்னவென்று எனக்குப் புரியவில்லை. உமக்குப் புரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டீர்.'

டிவி அணைந்தாற்போல் இருண்டது. மல்லர்கள், நடுவர், மச்சம் எல்லாம் போனார்கள். உள்ளே தோழியின் கடைசிக் கட்டமும் மறைந்தது. வீட்டில் இப்போது நெட் என்ற பேச்சே இல்லை. மூன்று பேரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று கமா காலையிலிருந்து விரும்பவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

"ஃபைனல்!" என்று மாமனார் அலறினார்.

"என் கிளாஸ்!" என்றார் டீச்சர்.

கமா மூன்றாம் வரியைத் திருத்தினான். நான்காம் வரியைப் பற்றி வேலிக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதையும் திருத்தினான். அப்போது அறைக் கதவு திறந்து மனைவி வந்தாள். அவன் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். இன்டர்வியூவுக்காகப் போட்டிருந்த நல்ல உடையில் தூசி ஒட்டியது. அவள் கவனிக்கவில்லை.

"எனக்கு இந்த வேல வேணுங்க," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "உங்ககிட்ட சொல்லிக்கல, அவ்வளவுதான். 'சும்மாத்தானே இருக்க'ன்னு இன்னொரு ஆளு கேட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. அந்த நூலகத்த நான் யாரும் கேக்காம போட்டேன். எனக்காகப் போட்டேன். அத ஒருத்தர் உக்காந்து பாத்தாரு இன்னிக்கு."

கமா கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். அன்று காலையிலிருந்து முதல் முறையாக அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொதுவாக அப்படிப்பட்ட நேரங்களில் தெரிந்த மாதிரி நடந்துகொள்வான். அதுவும் வரவில்லை.

"நான் உனக்கு உதவி பண்ணலாம்னுதான்..."

"தெரியும். எடுங்க அத. வயர எப்பவும் போல சொருகிட்டு, தள்ளி நில்லுங்க. அதுதான் உதவி."

எடுத்தான். சுவரிலிருந்து வந்த வயரை எப்போதும் இருந்த இடத்தில் சொருகினான். பழைய கம்ப்யூட்டர் மூலைக்குப் போனது. நெட் வந்தது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் வந்தது. மாமனார் டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டைத் தானாகவே டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் கீழே போய், பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். என்ன ஆகிறது என்று தெரியாமல் அவருக்கும் வகுப்பெடுக்க ஓடவில்லை.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. முதலில் உதவியாளர் தெரிந்தாள். பளிச்சென்று தெரிந்தாள். "சார் வந்துட்டாரு மேடம்," என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போனாள். பெரியவர் வந்து உட்கார்ந்தார். கமாவும் மாமனாரும் டீச்சரும் வாசலில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக நின்றார்கள்.

"காலையில போயிட்டீங்க," என்றார் பெரியவர்.

"மன்னிக்கணும் சார், இங்க நெட்..."

"அந்த நூலகம். மேற்குப் பக்கம் ஜன்னலே இல்ல. ஏன்?"

மனைவி ஒரு கணம் மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு அவள் குரல் மாறியது. வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது.

"மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கத்து வெயில் நேரா படிக்கறவங்க கண்ணுல விழும் சார். திரை போடுவாங்க. திரை போட்டா அப்புறம் ஜன்னல் எதுக்கு? அதனால அந்தச் சுவத்த மூடிட்டேன். வெளிச்சத்த மேல கூரையிலேருந்து இறக்கினேன். அது ஆளு மேல விழாது, புத்தகத்து மேல விழும்."

சொல்லி முடித்தாள்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கை பாதியில் நின்றது. புருவம் உயர்ந்தபடி நின்றது. உதடு ஏதோ சொல்ல வந்த இடத்தில் நின்றது.

ஓர் ஈ கூட அசையவில்லை.

"சார்?" என்றாள் மனைவி.

வாசலில் மாமனார் கமாவின் விலாவில் இடித்தார். "மாப்பிள்ள, தொங்கறாரு."

"நான் எதையும் தொடல மாமா. சத்தியமா தொடல."

"அப்ப தொடு!"

"தள்ளி நிக்கச் சொல்லியிருக்கா..."

"தம்பி, பாவம் அந்தப் பொண்ணு முகத்தப் பாருங்க," என்றார் டீச்சர்.

கமா பார்த்தான். அவள் சிரித்த முகமாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேஜைக்கடியில் அவள் விரல்கள் உடையின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தாங்கவில்லை. பெட்டியைத்தான் எடுத்தாகிவிட்டதே, அப்படியானால் வயர் சரியாகச் சொருகவில்லை, அதுவும் தன் தப்புதான் என்று முடிவு செய்தான். மறுபடி முழங்காலை மடித்தான். வாத்து நடையில் மேஜைக்கடியில் நுழைந்தான். லேப்டாப்புக்குப் போகும் வயரை இறுக்கி அழுத்துவதற்காகக் கொஞ்சம் வெளியே இழுத்தான்.

கொஞ்சம் என்பது கூடுதலாகப் போய்விட்டது.

திரை கறுத்தது. மேஜைக்கடியில் கமா கையில் வயர் முனையோடு உட்கார்ந்திருந்தான். மனைவி குனிந்து அவனைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. திட்டவில்லை. "ஏங்க..." என்று மட்டும் சொன்னாள்.

மாமனார் ஹால் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டீச்சர் ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. உதவியாளர். மனைவி அவசரத்தில் எடுக்கும்போதே ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். உதவியாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், வாழ்த்துக்கள்! வர்ற ஒண்ணாம் தேதி சேந்துக்கச் சொல்லிட்டாரு சார்."

"யாரு... நானா?"

"நீங்கதான் மேடம். உங்கள அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 'சொல்ல வேண்டியதச் சொல்லுது, சொன்னதும் டக்குனு கட் பண்ணிட்டுப் போயிடுது. வளவளன்னு இழுக்கல, சிபாரிசு பேசல. இப்படி ஒரு ஆளத்தான் தேடிட்டிருந்தேன்'னாரு. ரெண்டு தடவையும் அதே மாதிரி பண்ணீங்களாமே."

மாமனார் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். மேஜைக்கடியிலிருந்து கமா மெல்ல வெளியே வந்தான். தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினான். காலர் கசங்கியிருந்தது, சரி செய்துகொண்டான். வயர் முனையை எல்லாருக்கும் தெரியும்படி ஒருமுறை உயர்த்திக் காட்டினான். 'எல்லாம் கணக்குப் பண்ணிச் செய்ததுதான்' என்ற தோரணை அதற்குள் அவன் முகத்துக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் இரண்டாவது கோப்பை கேட்டிருப்பான்.

மனைவியால் பொய்யோடு ஒரு வேலையில் சேர முடியாது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கிட்டே இழுத்தாள்.

"இல்லீங்க, உண்மையச் சொல்லிடறேன். நான் வேணும்னு கட் பண்ணல. எங்க வீட்டு நெட் சரியில்ல. காலையில பேசிட்டிருக்கறப்பவே சார் படம் அப்படியே அசையாம நின்னுடுச்சு. இப்பவும் அதே மாதிரி நின்னுடுச்சு. அதச் சரி பண்ணப் போயித்தான் இத்தன கூத்தும்."

மறுபக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு உதவியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நெட் நல்லாத்தான் மேடம் இருந்துச்சு, காலையிலயும் சரி, இப்பவும் சரி, சார் யோசிக்க ஆரம்பிச்சா அப்படித்தான், நாங்களே கிட்டப் போயி மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் வருவோம்."